உக்ரைனின் கூப்பன் பணம் (1990–1996): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நோட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் உக்ரைன் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். ‘கூப்பன்’ என்று அச்சடித்த காகிதம் ஒரு நாட்டின் பணமாக எப்படி இருந்தது என்பதுதான் எல்லாருடைய முதல் சந்தேகமும். அடுத்தடுத்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரேஷன் கூப்பன் என்றால் சர்க்கரை வாங்குகிற சீட்டுதானே? அது எப்படிப் பணம் ஆகும்?

ஆரம்பத்தில் அது பணம் இல்லை. நம் ரேஷன் அட்டையைப் போலத்தான்: அட்டை இருந்தால் வாங்கும் உரிமை உண்டு, ஆனால் காசை நீங்கள்தான் கட்ட வேண்டும். 1990 நவம்பரில், உக்ரைன் இன்னும் சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசாக இருந்தபோதே, முதல் கூப்பன்கள் வந்தன. பத்து ரூபிளுக்குச் சாமான் வாங்கினால் பத்து ரூபிளும் கொடுக்க வேண்டும், பத்து ரூபிளுக்கான கூப்பனும் கொடுக்க வேண்டும்.

பிறகு 1992 ஜனவரியில் வேறு வகைக் கூப்பன் வந்தது. அதைக் கொடுத்தால் போதும், கூடவே ரூபிள் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பரில் ரூபிள் முழுவதுமாக விலக்கப்பட்டது. முதலில் பணத்துக்குத் துணை, பிறகு பணத்துக்குப் பதில், கடைசியில் அதுவே பணம். இந்த மூன்று கட்டங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதையில் குழப்பம் வராது.

அந்த முதல் கூப்பன் பார்க்க எப்படி இருக்கும்?

நோட்டுபோல இருக்காது. ஒரு பெரிய தாள். அதன் ஒரு பகுதியில் உரியவரின் பெயர் எழுத இடமும் அலுவலக முத்திரைக்கு இடமும் இருக்கும். மீதியில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அதன் ரூபிள் மதிப்பு. சம்பளத்தோடு சேர்த்து வேலையிடத்தில் இந்தத் தாளைக் கொடுப்பார்கள். கடையில் வேண்டிய கட்டங்களைக் கத்தரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைதான் செல்லும்.

கத்தரிக்காமல் முழுசாகக் கிடைக்கும் தாள்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது பாதி கத்தரித்தது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். வெட்டு நேர்கோட்டில் இல்லை, கட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றிருக்கிறது. வரிசையில் நின்று யாரோ அவசரமாக வெட்டியிருக்கிறார்கள்.

சாமான் வாங்கக் காசு மட்டும் போதாதா? எதற்கு இந்தத் தாள்?

சோவியத் காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஜனங்களின் கையில் ரூபிள் நிறைய இருந்தது, கடையில் சாமான் இல்லை. விலையை அரசே நிர்ணயித்ததால் அது ஏறவும் முடியாது. அதனால் வரிசைதான் நீண்டது. உக்ரைனோ தானியம், சர்க்கரை, இறைச்சி எல்லாம் விளையும் பூமி. எல்லையில் சுங்கச்சாவடி கிடையாது, எங்கும் ஒரே ரூபிள். பக்கத்துக் குடியரசிலிருந்து வந்து மலிவு விலைக்கு அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க வேறு வழியில்லாமல் போட்ட வேலிதான் கூப்பன். ரூபிள் யாரிடமும் இருக்கலாம், கூப்பன் இங்கே சம்பளம் வாங்குபவரிடம் மட்டுமே இருக்கும்.

சுதந்திரம் கிடைத்ததும் சொந்தப் பணத்தை அடித்துவிட வேண்டியதுதானே?

அடிக்க அச்சகம் இல்லை. 1991 ஆகஸ்ட் 24 அன்று சுதந்திரப் பிரகடனம். டிசம்பர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அந்த மாத இறுதிக்குள் சோவியத் ஒன்றியமே இல்லை. ஆனால் ரூபிள் அச்சடிக்கும் இயந்திரங்கள் மொத்தமும் ரஷ்யாவில் இருந்தன. கீவ் நகரில் உக்ரைன் தேசிய வங்கியின் சொந்த நோட்டு அச்சகம் இயங்கத் தொடங்கியது 1994-இல்தான்.

இதற்கிடையே 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யா விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. ஒரே ரூபிளில் இருந்த உக்ரைனும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. விலைகள் சில நாட்களில் பல மடங்கு ஏறின. அத்தனைக்கும் ரொக்கம் வேண்டும், ரொக்கம் மாஸ்கோவிலிருந்து வர வேண்டும், வந்தது போதவில்லை. சம்பளம் கொடுக்கக்கூட நோட்டு இல்லாத ஓர் அரசு வேறு என்ன செய்யும்? ஏற்கெனவே ஜனங்களுக்குப் பழக்கமான கூப்பனையே நோட்டு வடிவில் கொண்டுவந்தது. ஜனவரி 10 முதல் அவை புழக்கத்துக்கு வந்தன. பெயரே ‘பலமுறை பயன்படும் கூப்பன்’. அசல் நாணயமான ஹ்ரிவ்னியா வரும்வரை சில மாதங்களுக்கு என்றுதான் நினைத்தார்கள்.

நோட்டில் இருக்கும் அந்தப் பெண் யார்?

லீபித். கீவ் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் கீ, ஷ்செக், ஹோரிவ் என்ற மூன்று சகோதரர்களின் தங்கை. 1982-இல் த்னிப்ரோ நதிக்கரையில் வைத்த நினைவுச்சின்னத்தில், படகின் முனையில் கைகளை இறக்கைபோல விரித்து நிற்பாள். அந்தச் சிலைதான் நோட்டின் முன்பக்கம். பின்பக்கம் கீவின் புனித சோஃபியா தேவாலயம்.

1991 என்று ஆண்டு போட்ட முதல் தொகுதி பிரான்ஸில் அச்சானது. 1, 3, 5, 10, 25, 50, 100 என்று அப்படியே சோவியத் ரூபிளின் வரிசை. மதிப்பு ‘கர்போவானெட்ஸ்’ என்று எழுதியிருக்கும். ரூபிளுக்கு உக்ரைனிய மொழியில் எப்போதும் சொல்லி வந்த பெயர்தான் அது. சின்ன நோட்டுகளில் வரிசை எண்ணே கிடையாது. எண் இல்லாத நோட்டை வைத்திருக்கும்போது, இதை நீண்ட நாள் ஓட்டும் உத்தேசத்தோடு அடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஒரே கடையில் ரூபிளும் கூப்பனும் ஓடினால் கணக்கு எப்படி? எது எதற்குச் செல்லும்?

சட்டப்படி 1 கூப்பன் = 1 ரூபிள். சம்பளத்தில் ஒரு பகுதி கூப்பனாக, மீதி ரூபிளாக வந்தது. அரசுக் கடைகளில் உணவுப் பொருள், முக்கியமான சாமான்கள் கூப்பனுக்கு மட்டும். மற்றவற்றுக்கு ரூபிள்.

ஆனால் இது ரொக்கத்துக்கு மட்டும்தான். தொழிற்சாலைகள் ஒன்றுக்கொன்று வங்கி வழியாகக் கொடுக்கும் பணம் 1992 நவம்பர்வரை ரூபிளாகவே இருந்தது. இந்தப் பிரிவினை சோவியத் முறையிலேயே உண்டு. ரொக்க ரூபிள் ஒரு ஓட்டம், கணக்கேட்டு ரூபிள் வேறு ஓட்டம். கேட்கச் சலிப்பான விஷயம்தான், ஆனால் பின்னால் வந்த பெரிய பணவீக்கத்தை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

முதலில் ரூபிளைவிட கூப்பனுக்கு மதிப்பு அதிகம் இருந்ததாமே, உண்மையா?

உண்மை. சாப்பாடு கூப்பனுக்குத்தான் கிடைக்கும், கூப்பனோ கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் முதல் வாரங்களில் ஒரு கூப்பனுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட ரூபிள் கொடுக்கத் தெருவில் ஆள் இருந்தது. சட்டம் சொன்ன ‘ஒன்றுக்கு ஒன்று’ சந்தையில் ஒருநாளும் நிலைக்கவில்லை.

அது நீடிக்கவும் இல்லை. கூப்பன் அதிகமாக வெளியாக ஆக, அந்த ஆண்டிலேயே ரூபிளுக்குக் கீழே இறங்கியது. அரிதாக இருந்தவரை வேலி வேலை செய்தது. சம்பளம், ஓய்வூதியம், மானியம் எல்லாவற்றுக்கும் அதையே அள்ளிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அரிதாக இருக்க என்ன காரணம் இருக்கிறது?

அப்போ எந்த நாளில் அது ‘நிஜமான’ பணம் ஆனது?

1992 நவம்பரில். அதிபர் லியோனித் கிராவ்சுக்கின் ஆணைப்படி வங்கிக் கணக்குகளில் இருந்த ரூபிள்களும் ஒன்றுக்கு ஒன்று என்று கர்போவானெட்ஸாக மாற்றப்பட்டன. ரூபிள் சட்டபூர்வப் பணமாக இல்லாமல் போனது. அன்றிலிருந்து உக்ரைனுக்கு என்று தனிப் பணம் உண்டு, ஆனால் அதன் மேல் இன்னும் ‘கூப்பன்’ என்று எழுதியிருந்தது. பேச்சிலும் ஜனங்கள் கடைசிவரை ‘கூப்பன்’ என்றே சொன்னார்கள். கோபம் வந்தால் ‘ஃபான்திகி’, அதாவது மிட்டாய்த் தாள்.

1993-இல் விலைவாசி 10,000 சதவீதம் ஏறியதாகப் படித்தேன். அச்சுப்பிழையா? கூப்பன்தான் காரணமா?

அச்சுப்பிழை இல்லை. 1993-இன் பணவீக்கம் 10,000 சதவீதத்துக்கு மேல். ஆண்டின் தொடக்கத்தில் 100 கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆண்டு முடிவில் 10,000-க்கு மேல் கொடுக்க வேண்டும். போர் நடக்காத ஒரு நாட்டில் இப்படி ஆனது மிக அரிது.

ஆனால் பழியைக் கூப்பன் மேல் மட்டும் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காகிதம் எதுவும் செய்யாது. ரஷ்யாவிலிருந்து வந்த எண்ணெயும் எரிவாயுவும் திடீரென்று விலை ஏறின. அந்த மலிவு எரிபொருளை நம்பிக் கட்டிய உருக்காலைகளும் சுரங்கங்களும் நஷ்டத்தில் விழுந்தன. பழைய ஒன்றியத்துக்குள் இருந்த வாடிக்கையாளர்கள் காசு கொடுக்காமல் நின்றார்கள். ஆலையை மூடினால் லட்சக்கணக்கானோருக்கு வேலை போகும். அதனால் அரசு கடன் கொடுத்தது, கடனுக்குப் பணத்தைத் தேசிய வங்கி உருவாக்கியது. விதைப்புக் காலத்தில் கூட்டுப் பண்ணைகளுக்கு ஒரு தொகை, அறுவடைக்கு ஒரு தொகை, சுரங்கங்களுக்கு ஒரு தொகை. 1993 ஜூனில் கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, சம்பளம் ஒரு மாதத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. ஆனால் உயர்த்திக் கொடுத்த சம்பளமும் தேசிய வங்கி உருவாக்கிய அதே பணத்திலிருந்துதான் வந்தது.

ரூபிள் வட்டத்துக்குள் இருந்தவரை, கணக்கேட்டில் உக்ரைன் உண்டாக்கிய கடனின் சுமை பதினைந்து நாடுகளுக்கும் பரவியது. எல்லாக் குடியரசுகளும் அதையே செய்தன, மாஸ்கோவும் செய்தது. 1992 ஜூலையில் ரஷ்யா ஒவ்வொரு குடியரசின் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்து அந்த வழியை அடைத்தது. நவம்பருக்குப் பிறகு உக்ரைன் உண்டாக்கிய ஒவ்வொரு கர்போவானெட்ஸும் உக்ரைனுக்குள்ளேயேதான் சுற்ற முடியும். சொந்தப் பணம் வந்தது, பழைய கடன் பழக்கம் போகவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் 1993.

அந்தச் சமயத்தில் ஜனங்கள் எப்படித்தான் சமாளித்தார்கள்?

சம்பளம் வந்த நாளிலேயே செலவழித்தார்கள். எண்ணெய், மாவு, உப்பு, சோப்பு என்று கெடாத எதையும் வாங்கி வைத்தார்கள். மிஞ்சினால் டாலர். ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் இருந்தவர்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள். பல ஆலைகள் சம்பளத்துக்குப் பதில் தாங்கள் தயாரித்த பொருளையே கொடுத்தன. வாங்கியவர்கள் அதைச் சாலையோரம் வைத்து விற்றார்கள்.

இந்தக் காலத்தின் அடையாளமாக உக்ரைனியர்கள் இன்றும் சொல்வது ‘கிராவ்சுச்கா’. இரண்டு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம், கையால் இழுக்கும் வண்டி. அதிபர் கிராவ்சுக்கின் பெயரால் வந்த பெயர். ஆசிரியர்களும் பொறியாளர்களும் இதில் மூட்டையைக் கட்டி, ரயிலேறிப் போலந்துக்குப் போனார்கள். அங்கே கொண்டுபோனதை விற்று, துணிமணி வாங்கிவந்து இங்கே விற்றார்கள். படித்த வேலையில் இருந்தவர்கள் சந்தையில் நின்ற ஆண்டுகள் அவை. அதை அவமானமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். குடும்பத்துக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்.

நோட்டில் எத்தனை பூஜ்யம்வரை போனது?

ஆறு. 1991 தொகுதியில் பெரிய நோட்டு 100. 1995 என்று ஆண்டு போட்டு 10 லட்சம் கர்போவானெட்ஸ் நோட்டு வந்தது. அதில் லீபித் இல்லை, கவிஞர் தாரஸ் ஷெவ்செங்கோவின் சிலை.

ஹ்ரிவ்னியா நோட்டுகளை 1992-லேயே அச்சடித்துவிட்டார்கள் என்கிறார்களே? ஏன் நான்கு வருஷம் பூட்டி வைத்தார்கள்?

ஆமாம், 1992-லேயே கனடாவில் அச்சடித்து வாங்கி வைத்திருந்தார்கள். அதனால்தான் 1996-இல் புழக்கத்துக்கு வந்த நோட்டுகளில் 1992 என்று இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள்.

பூட்டி வைத்தது வீண் தாமதம் என்று சிலர் சொல்வார்கள். மேலே பணவீக்கம் பற்றிச் சொன்னதைப் பாருங்கள். ஹ்ரிவ்னியாவை 1993-இல் வெளியிட்டிருந்தால் அதுவும் அதே வேகத்தில் கரைந்திருக்கும். அப்புறம் அதை நம்ப யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 1994 ஜூலையில் லியோனித் குச்மா அதிபரானார். அக்டோபரில் சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்தார், சர்வதேச நாணய நிதியத்தின் கடனும் வந்தது. விக்தர் யுஷ்செங்கோ தலைமையிலிருந்த தேசிய வங்கி கடன் வழங்குவதை இறுக்கியது. பணவீக்கம் 1994-இல் சுமார் 400 சதவீதம், 1995-இல் சுமார் 180, 1996-இல் சுமார் 40 என்று இறங்கியது. அந்த இறக்கம் உறுதியாகத் தெரிந்த பிறகே நல்ல நோட்டை வெளியே எடுத்தார்கள். அந்தப் பொறுமை சரியானது என்பதே என் எண்ணம். 40 சதவீதமும் குறைவல்ல, ஆனாலும் அதற்கு மேல் காத்திருக்கக் காரணம் இருக்கவில்லை.

1996-இல் மாற்றும்போது நம்ம ஊர் 2016 மாதிரி வங்கி வாசலில் கூட்டமா? யாருக்காவது பணம் போச்சா?

அந்த மாதிரி நடக்கவில்லை. செப்டம்பர் 2 முதல் 16 வரை இரண்டு பணமும் சேர்ந்தே ஓடின. 1 லட்சம் கர்போவானெட்ஸுக்கு 1 ஹ்ரிவ்னியா. வங்கிக் கணக்கு, சம்பளம், விலை எல்லாமே ஒரே கணக்கில் ஐந்து பூஜ்யங்களை இழந்தன. டாலர் அப்போது சுமார் 1,76,000 கர்போவானெட்ஸ், மறுநாள் 1.76 ஹ்ரிவ்னியா. யாருக்கும் கூடுதல் நஷ்டம் இல்லை.

ஜனங்கள் பயந்தார்கள் என்பது வேறு விஷயம். 1991 ஜனவரியில் சோவியத் பிரதமர் பாவ்லோவ் 50, 100 ரூபிள் நோட்டுகளை இரவோடிரவாகச் செல்லாததாக்கி, மாற்ற மூன்று நாள் மட்டுமே கொடுத்திருந்தார். அதைப் பட்டவர்களுக்கு ‘பணச் சீர்திருத்தம்’ என்ற பேச்சே வயிற்றைக் கலக்கும். 1996-இன் மாற்றம் அமைதியாக நடந்ததற்கு, நோட்டைப் பறிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிச் சொன்னபடி நடந்ததும் ஒரு காரணம்.

யாருக்கும் நஷ்டம் இல்லை என்கிறீர்கள். ஆனால் சேமிப்பு எல்லாம் அழிந்தது என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?

இரண்டும் சரி. 1996-இல் எதுவும் அழியவில்லை, அழிய மிச்சம் எதுவும் இல்லாததால். அழிந்தது அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1991-இல் சோவியத் சேமிப்பு வங்கியில் ஒருவருக்கு 10,000 ரூபிள் இருந்தது என்று வையுங்கள். அரசு விலையில் ஒரு ஜிகுலி கார் வாங்கக்கூடிய தொகை, பலருக்கு அது ஆயுள் சேமிப்பு. அது ஒன்றுக்கு ஒன்று என்று 10,000 கர்போவானெட்ஸ் ஆனது. வட்டியை விட்டுவிட்டால், 1996-இல் அது 10 கோப்பெக், ஒரு ஹ்ரிவ்னியாவில் பத்தில் ஒரு பங்கு. யாரும் திருடவில்லை, கணக்குப் புத்தகத்தில் எண் சரியாகவே இருந்தது. முப்பது வருஷம் சுரங்கத்திலும் பண்ணையிலும் உழைத்து, மகள் கல்யாணத்துக்கும் சாவுச் செலவுக்கும் என்று போட்டு வைத்தவர்களின் பணம் இது. இந்தக் கதையில் மிகப் பெரிய அநியாயம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

அந்தச் சேமிப்புகளுக்கு ஈடு கொடுப்பதாக 1996-லேயே சட்டம் வந்தது. நடைமுறையில் கொஞ்சம் கொஞ்சமாக, வயதானவர்களுக்கு முன்னுரிமை என்று துளித்துளியாகத்தான் வந்தது. 2008-இன் தொடக்கத்தில் யூலியா திமோஷெங்கோ அரசு பழைய வைப்பாளர்களுக்குத் தலா 1,000 ஹ்ரிவ்னியாவரை கொடுத்தபோது வங்கிகளில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பலர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்தக் கூப்பன் வழியை உக்ரைன் மட்டும்தான் பிடித்ததா?

இல்லை. லிதுவேனியாவின் ‘தலோனாஸ்’ 1991 ஆகஸ்டில் வந்தது. விலங்குப் படங்கள் போட்ட நோட்டு, அப்போதைய பிரதமர் வக்னோரியுஸின் பெயரால் ‘வக்னோர்கி’ என்று அழைத்தார்கள். 1992 அக்டோபரில் ரூபிளை விலக்கி, 1993 ஜூனிலேயே 100 தலோனாஸுக்கு புதிய நாணயமான லிதாஸ் 1 என்று முடித்துவிட்டார்கள். ஜார்ஜியாவின் கூப்பன் 1993 ஏப்ரலில் தொடங்கி, 1995-இல் 10 லட்சம் கூப்பனுக்கு ‘லாரி’ என்ற புதிய நாணயம் 1 என்று முடிந்தது. உள்நாட்டுப் போரும் சேர்ந்ததால் அங்கே நிலைமை உக்ரைனைவிட மோசம்.

எஸ்தோனியா கூப்பன் கட்டத்துக்கே போகவில்லை. 1992 ஜூன் 20 அன்று நேராக க்ரூன் என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டு, 8 க்ரூனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று கட்டிப்போட்டது. அதனால் உக்ரைனும் அதையே செய்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்தோனியாவின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம், உக்ரைனுடையது 5 கோடிக்கும் மேல். தவிர, இரண்டாம் உலகப் போருக்கு முன் வெளிநாட்டில் வைத்திருந்த தங்கத்தை எஸ்தோனியா திரும்பப் பெற்றது. உக்ரைனிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனால் லிதுவேனியாவைப் பாருங்கள்: அதுவும் கூப்பன்தான், இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கூப்பனை எடுத்தது தவறு என்று சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டே எல்லாருக்கும் கடன் கொடுத்ததுதான் உக்ரைனை வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டது.

என்னிடம் ஒரு கூப்பன் நோட்டு இருக்கிறது. ஏதாவது விலை போகுமா? போலியா என்று எப்படிப் பார்ப்பது?

1991 தொகுதியின் சின்ன நோட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மடிப்பில்லாத புதுநோட்டும் மலிவுதான், சேகரிப்பைத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல நோட்டு. வரிசை எண் இல்லை என்பதால் போலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரணம் லீபித் பற்றிய பதிலில் இருக்கிறது.

பெரிய மதிப்பு நோட்டுகளில் சுத்தமான 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு. 1990-இன் கத்தரிக்கும் தாள் கிடைத்தால், பெயரும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் அந்தத் தாள் யாரோ ஒருவர் கையில் உண்மையாகவே புழங்கியது. ஓரத்தை நேராக்குகிறேன் என்று மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.